தன் கையே சாட்சி



ஓர் அழகிய சிலையைக் கண்டால் நம் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி, ‘இது யாருடைய உருவம்?’ என்பது. அடுத்து எழுவது, ‘இதைச் செய்தவர் யார்?’ என்பது. இந்த இரண்டாம் கேள்வியைப் புகழ்ச்சியாகவும் கேட்கலாம், ஐயமாகவும் கேட்கலாம். சொற்கள் இரண்டிலும் ஒன்றே, குரல்தான் வேறு. ஐயக் குரலில் அக்கேள்வி தம்மை நோக்கி வரும் என்பதை முன்னரே உணர்ந்து, அதற்கு விடையாகத் தம் இரு கைகளையே நம்பி வாழ்ந்த ஒரு சிற்பியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் எட்மோனியா லூயிஸ். அமெரிக்காவில் பிறந்து, இத்தாலியில் உளி பிடித்து, இலண்டனில் மறைந்த அம்மையார் அவர்.

1844-ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலத்தில் அவர் பிறந்தார். தந்தை கறுப்பினத்தவர். தாய் ஓஜிப்வே என்னும் அமெரிக்கப் பழங்குடி வழியில் வந்தவர். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவரைத் தாயின் சகோதரிமார் வளர்த்தனர். நயாகரா அருவியைக் காண வருவோருக்குக் கூடைகளும் தோற்காலணிகளும் செய்து விற்பது அக்குடும்பத்தின் பிழைப்பு. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையாலேயே செய்து முடிக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே படிந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. அவருடைய தமையன், தங்கம் தேடி மக்கள் திரண்ட காலத்தில் கலிபோர்னியாவுக்குச் சென்று பொருள் ஈட்டினார்; தங்கையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்.

1859-இல் எட்மோனியா ஒகாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. அக்காலத்திலேயே பெண்களையும் கறுப்பினத்தவரையும் வெள்ளையருடன் ஒரே வகுப்பில் அமர்த்திப் பாடம் சொன்ன மிகச் சில கல்லூரிகளுள் ஓபர்லினும் ஒன்று. ஆயினும் நல்ல நோக்கமுடைய நிலையத்திலும் ஐயம் என்னும் பேய் புகுந்துவிடும் என்பதற்கு அங்கு நிகழ்ந்ததே சான்று.

1862-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த வெள்ளை மாணவியர் இருவர், அவர் காய்ச்சித் தந்த திராட்சை மதுவை அருந்திவிட்டு வெளியே சென்றனர், வழியில் நோயுற்றனர். எட்மோனியா நஞ்சு கலந்துவிட்டார் என்று ஊர் பேசிற்று. வழக்கு மன்றம் ஏறுமுன்னரே, ஒரு குளிர்கால இரவில் அவரை யாரோ பிடித்து இழுத்துச் சென்று, கடுமையாக அடித்து, திறந்த வயல்வெளியில் போட்டுவிட்டுச் சென்றனர். உயிர் பிழைத்தது அரிது. பின்னர் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜான் மெர்சர் லாங்ஸ்டன் என்னும் கறுப்பின வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். அவரும் ஓபர்லினில் பயின்றவரே. ‘நஞ்சு கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆய்வுச் சான்று எங்கே?’ என்பதே அவர் எழுப்பிய வினா. அத்தகைய சான்று எதுவும் இல்லை. எட்மோனியா விடுதலை பெற்றார்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு, ஓவியப் பொருள்களைத் திருடினார் என்று வேறொரு குற்றச்சாட்டு எழுந்தது. அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் இறுதிப் பருவத்திற்குப் பெயரைப் பதிவு செய்துகொள்ள அவர் அனுமதிக்கப்படவில்லை. குற்றம் நிலைநாட்டப்படாமலே தண்டனை மட்டும் நிலைத்துவிட்டது. பட்டம் பெறாமலே அவர் ஓபர்லினை விட்டு வெளியேறினார்.

பாஸ்டன் நகரை அடைந்த அவர், சிற்பம் கற்க விரும்பினார். எட்வர்டு பிராக்கெட் என்னும் சிற்பி, குழந்தையின் பாதம் முதலிய சில மாதிரித் துண்டுகளைக் கொடுத்து, அவற்றைப் போலச் செய்து பார்க்கச் சொன்னார். முறையான பள்ளிப் பயிற்சி அவர் பெற்றது அவ்வளவே. அப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய இராபர்ட் கௌல்டு ஷா என்பவர் 1863-இல் போர்க்களத்தில் உயிர்நீத்தார். அவருடைய மார்பளவுச் சிலையை எட்மோனியா 1864-இல் செய்தார். பாரிஸ் சாந்தில் வார்த்த அதன் படிகள் ஏறத்தாழ நூறு விற்பனையாயின. அந்தப் பணம் கப்பற்பயணத்திற்கு உதவிற்று. 1865-இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். சிறிது காலம் பிளாரன்ஸ் நகரில் தங்கிய பின், ரோமாபுரியில் குடியேறினார்.

சிற்பக்கலை பயில ஓர் அமெரிக்கர் ஏன் கடல் கடந்து இத்தாலிக்குச் செல்ல வேண்டும் என்று நீங்கள் வினவலாம். அவருக்கு முன்னரே பலர் அவ்வழியில் சென்றிருந்தனர். ஹொரேஷியோ கிரீனோ 1825-இல் ரோமை அடைந்தார். தாமஸ் கிராபோர்டு 1835-இல் அங்குச் சென்றார். ஹைராம் பவர்ஸ் 1837-இல் பிளாரன்சுக்குப் போய், 1873-இல் இறக்கும்வரை தாயகம் திரும்பாமல் அங்கேயே வாழ்ந்தார். வில்லியம் வெட்மோர் ஸ்டோரி என்னும் வழக்கறிஞர் தம் தொழிலைத் துறந்து 1856-இல் ரோமில் நிலையாகத் தங்கினார்.

இதற்குக் காரணங்கள் உண்டு. கராரா மலையில் வெட்டியெடுக்கப்படும் வெண்சலவைக்கல் அங்கு எளிதிற் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கல்வேலை செய்துவந்த தொழிலாளர் குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். பண்டைக் காலத்துச் சிலைகள் கண்முன் நின்றன. பெண்களுக்கோ மற்றொரு காரணமும் இருந்தது. தாயகத்தில் ஒரு பெண் தனியே வாழ்ந்து கல்லுடைத்தால் ஊரார் பழிப்பர். ரோமில் அயல்நாட்டுப் பெண்ணை அவ்வளவாக யாரும் கட்டுப்படுத்தவில்லை. எட்மோனியாவுக்கு இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் தம் தோலின் நிறத்தை நினைவூட்டாத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. சுதந்திர நாடு எனப் பெயர் பெற்ற தம் தாயகத்தில் கறுப்பினச் சிற்பி ஒருவருக்கு இடமில்லாமற் போயிற்று என்று 1878-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்கு அவர் மனம் திறந்து கூறினார்.

இனி, ஒரு சலவைக்கற்சிலை உருவாகும் முறையைச் சற்று அறிந்துகொள்வோம். அதை அறிந்தால்தான் அம்மையாரின் அருமை விளங்கும். சிற்பி முதலில் கல்லைத் தொடுவதில்லை. மனத்தில் தோன்றிய உருவத்தைச் சிறிய அளவில் களிமண்ணில் பிடித்துப் பார்ப்பார். பிறகு, இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போன்ற சட்டம் அமைத்து, அதன்மேல் முழு அளவில் களிமண் அப்புவார். மண் உலர்ந்து வெடிக்காதபடி நாள்தோறும் ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். மண்ணுருவம் நிறைவுற்றதும், அதன்மேல் பாரிஸ் சாந்தைப் பூசி அச்செடுப்பர். அவ்வச்சில் மீண்டும் சாந்தை ஊற்றி வெண்மையான மாதிரி உருவம் வார்ப்பர்.

அதன் பின்னரே கல்வேலை. மாதிரி உருவத்தின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குறிப்பர். ஒரு சட்டத்தில் பொருத்திய ஊசியை மாதிரியின் ஒரு புள்ளியில் தொடவைத்து, அதே அளவைக் கல்லுக்கு மாற்றி, ஊசி எவ்வளவு ஆழம் செல்ல வேண்டுமோ அவ்வளவு ஆழம் கல்லைத் துளையிடுவர். எல்லாப் புள்ளிகளும் துளையிடப்பட்டபின், இடையிலுள்ள கல்லை உளியால் நீக்கினால் உருவம் வெளிப்படும். இந்தக் கல்வேலையைப் பெரும்பாலும் கூலிக்கு அமர்ந்த கல்தச்சரே செய்தனர். இறுதியில் முகத்திலும் விரல்களிலும் சில நுண்ணிய திருத்தங்களைச் சிற்பி செய்வார். சிலர் அதையும் செய்வதில்லை. புகழ்பெற்ற ஆண் சிற்பிகள் அனைவரும் இம்முறையையே பின்பற்றினர். அதில் தவறு ஒன்றும் இல்லை. வீடு கட்டுவிக்கும் கட்டடக் கலைஞர் செங்கல்லைத் தாமே அடுக்குவதில்லை அன்றோ?

ஆனால் இதே முறையைப் பெண்ணொருத்தி பின்பற்றியபோது உலகம் வேறு விதமாகப் பேசிற்று. எட்மோனியாவுக்கு முன்பே, 1852-இல், ஹாரியட் ஹாஸ்மர் என்னும் அமெரிக்க நங்கை ரோமுக்கு வந்து சிற்பியாகப் புகழ் பெற்றிருந்தார். அவருடைய ‘செனோபியா’ என்னும் அரசியின் சிலை 1862-இல் இலண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அச்சிலை அவர் செய்தது அன்று, அவரிடம் கூலி பெற்ற இத்தாலியத் தொழிலாளியின் கைவேலை என்று இலண்டன் இதழ்களில் செய்தி வெளிவந்தது. ஹாஸ்மர் அவதூறு வழக்குத் தொடுக்க முனைந்தார், இதழ்கள் பின்வாங்கின. 1864-இல் அவர் சிற்பம் உருவாகும் முறையை விளக்கிக் கட்டுரை ஒன்று எழுதி, கலைஞரின் கருத்துக்கும் தொழிலாளியின் கைத்திறனுக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தினார்.

செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த ஒரு வெள்ளைப் பெண்மணிக்கே இந்த நிலை என்றால், தாயும் தந்தையும் பட்டமும் பணமும் இல்லாத எட்மோனியாவை உலகம் எப்படி நம்பும்? அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மண் பிசைவது முதல் கல் செதுக்குவது வரை பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்தார். குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில் கல்தச்சரின் துணையை மிக அரிதாகவே நாடினார். மற்றச் சிற்பிகளிடம் பாடம் கேட்கவும், தம் வேலையைத் திருத்தித் தரச் சொல்லவும் அவர் தயங்கினார். பிறர் விரல் அதில் பட்டுவிட்டால், முழுவதும் பிறருடையது என்று சொல்லிவிடுவார்களே என்னும் அச்சமே காரணம். அவர் உருவத்தில் மிகச் சிறியவர். அவர் ஏணிமேல் நின்று உளியும் சுத்தியலுமாகப் பாறையோடு போராடும் காட்சியை மனக்கண்ணால் பாருங்கள்.

இதைத் தன்னம்பிக்கை என்று நாம் புகழ்வோம், புகழ வேண்டியதே. ஆயினும் நண்பர்களே, இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பத்துச் சிலைகளுக்கு மண்ணுருவம் அமைக்கும் காலத்தில், அவர் ஒரு சிலையின் கல்லோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஆசான்களின் திருத்தம் தந்திருக்கக்கூடிய வளர்ச்சியையும் அவர் இழந்தார். பிறருடைய ஐயம் அவர்மீது விதித்த வரி அது. அவ்வரியைத் தம் உடலுழைப்பால் வாழ்நாள் முழுவதும் அவர் செலுத்தினார்.

அவர் கைவண்ணத்தில் சிலவற்றைக் காண்போம். 1867-இல் அவர் முடித்த ‘என்றென்றும் விடுதலை’ என்னும் சிலையில், அடிமைத்தளையினின்று விடுபட்ட ஓர் ஆண் நிற்கிறான். உயர்த்திய கையில் அறுந்த சங்கிலி தொங்குகிறது. அவனருகே ஒரு பெண் மண்டியிட்டு நன்றி செலுத்துகிறாள். 1863-இல் அதிபர் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலை அறிக்கையே இதற்கு அடிப்படை. இச்சிலை இப்போது வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தாயின் குடியை நினைந்து அவர் செய்த ‘முதிய அம்புத் தொழிலாளி’ என்னும் சிலையில், தந்தை அம்பு செய்ய, மகள் அருகில் அமர்ந்து பாய் முடைகிறாள். 1875-இல் அவர் செய்த ‘ஆகார்’, விவிலியத்தில் வரும் எகிப்திய அடிமைப் பெண். வீட்டினின்று துரத்தப்பட்டுப் பாலைவனத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு வானத்தை நோக்கும் அவள் காலடியில் நீர்க்குடம் வெறுமையாய்க் கிடக்கிறது. துரத்தப்பட்டவளின் முகத்தை வடிக்க எட்மோனியாவுக்கு வேறு மாதிரி வேண்டியிருக்கவில்லை.

அவருடைய தலைசிறந்த படைப்பு ‘கிளியோபாத்ராவின் மரணம்’. 1876-இல் அமெரிக்கா தன் விடுதலையின் நூற்றாண்டைப் பிலடெல்பியாவில் பெரும் பொருட்காட்சியாகக் கொண்டாடியபோது, 3,015 ராத்தல், அதாவது ஏறத்தாழ 1,370 கிலோகிராம் எடையுள்ள இச்சிலை அங்கு வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அது. எகிப்திய அரசியைச் சிலையாக்கியவர் பலர். ஸ்டோரியின் கிளியோபாத்ரா சாவைப் பற்றிச் சிந்தித்தவாறு அமர்ந்திருப்பாள். எட்மோனியாவின் கிளியோபாத்ராவோ செத்தே போய்விட்டாள். அரியணையில் தலை சாய்ந்து கிடக்கிறது. கை துவண்டு தொங்குகிறது. அழகிய அரசியைப் பிணமாகக் காட்டலாமா என்று சிலர் முகம் சுளித்தனர். அதன் ஆற்றலைக் கண்டு வியந்தவர்களும் உண்டு.

இதற்குப் பின் அச்சிலை பட்ட பாடு ஒரு கதை. 1878-இல் சிகாகோ பொருட்காட்சியில் அது மீண்டும் வைக்கப்பட்டது. அதன்பின் அந்நகரில் ஒரு மதுக்கடையில் நின்றது. சூதாட்டத்தில் பொருள் சேர்த்த ஒருவர் அதை வாங்கி, கிளியோபாத்ரா என்னும் பெயருடைய தம் பந்தயக் குதிரையின் கல்லறைமேல் நிறுத்தினார். பந்தயத் திடல் கோல்ப் ஆடுகளம் ஆயிற்று. போர்க்காலத்தில் படைக்கலத் தொழிற்சாலை ஆயிற்று. பின்பு அஞ்சல் நிலையம் ஆயிற்று. சிலை மட்டும் மழையிலும் பனியிலும் பல்லாண்டு நின்று தேய்ந்தது. 1970-களில் அதைத் தூக்கிச் சென்று ஒரு கட்டடப் பொருள் கிடங்கில் போட்டனர். அங்கு அதைக் கண்டு இரங்கிய சாரணச் சிறுவர்கள் நல்லெண்ணத்தோடு வண்ணம் பூசினர். இறுதியில் அவ்வூர் வரலாற்றுக் கழகத்தார் முயற்சியால் அது 1994-இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தைச் சேர்ந்து, பழுது நீக்கப்பெற்று, இன்று மக்கள் காண நிற்கிறது.

சிலையின் கதியே சிற்பியின் கதியும் ஆயிற்று. வெண்சலவைக்கற் சிலைகளின்மேல் செல்வர்களுக்கு இருந்த மோகம் தணிந்தது. வெண்கலத்தின் காலம் வந்தது. கலைஞர்கள் ரோமை விட்டுப் பாரிசை நோக்கினர். 1887-இல், அடிமையாகப் பிறந்து பெருந்தலைவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் ரோமில் அவரைக் கண்டு அளவளாவினார். அதன்பின் அவரைப் பற்றிய செய்திகள் அருகின. எங்கே இறந்தார், எப்போது இறந்தார் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. மேரிலின் ரிச்சர்ட்சன் என்னும் ஆய்வாளர் பதிவேடுகளைத் துருவிக் கண்டறிந்த பின்னரே உண்மை வெளிவந்தது. அம்மையார் 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் இலண்டனில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரக நோயால் இறந்தார். கென்சல் கிரீன் பகுதியிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை 2017-இல் புதுப்பிக்கப்பட்டது.

நண்பர்களே, இவ்வரலாற்றை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக் கண்காட்சிக்கு ஓர் ஓவியம் கொண்டுவந்தான். ஏரில் பூட்டிய இரு காளைகள். தசையின் திரட்சியும் கண்ணின் களைப்பும் அவ்வளவு உயிரோட்டத்துடன் இருந்தன. பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் நான் கேட்டேன்: ‘தம்பி, இதை உனக்கு யார் வரைந்து கொடுத்தார்?’ ‘நான்தான் ஐயா வரைந்தேன்’ என்றான். நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையின் பொருள் எல்லாருக்கும் விளங்கிற்று. மாலைக்குள் அவன் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

சில மாதங்கள் கழித்து, வேறொரு வேலையாக அவன் தெருவுக்குச் சென்றேன். அவன் வீட்டுத் திண்ணைச் சுவர் முழுவதும் கரித்துண்டால் வரைந்த காளைகள்! நின்றவை, படுத்தவை, திரும்பிப் பார்ப்பவை. அன்றே அவனைத் தனியே அழைத்து என் வருத்தத்தைச் சொன்னேன். ‘பரவாயில்லை ஐயா’ என்றான். ஆனால் அதற்குப் பின் எந்தக் கண்காட்சிக்கும் அவன் ஓவியம் தரவில்லை. என் பிழை எது என்று பின்னாளில்தான் உணர்ந்தேன். ஐயத்தை அவை நடுவே சொன்ன நான், வருத்தத்தைத் தனியறையில் சொன்னேன்.

எட்மோனியா லூயிசுக்கு மறுக்கப்பட்ட பட்டத்தை ஓபர்லின் கல்லூரி 2022-ஆம் ஆண்டு அளித்தது. அவர் இறந்து 115 ஆண்டுகள் கழிந்துவிட்டன. காலம் கடந்த நீதி என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆயினும் அது உலகம் அறிய, அவையறியச் செய்யப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் அந்த மாணவனின் முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அவன் இப்போது எங்கிருக்கிறானோ, அறியேன். இந்த வானொலிப் பேச்சு அவன் காதில் விழுமானால், பல்லாயிரவர் கேட்க நான் சொல்வது இதுதான்: தம்பி, அந்தக் காளைகளை வரைந்தவன் நீயே.